அடக்கக் கூடாத வேகம்!

திங்கட்கிழமை காலையில் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமை யார் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியூர் போய் வந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். ஒருத்தர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவார். இன்னொருத்தர் உட்காரவே மாட்டார். ''பரவாயில்லை டாக்டர், நிக்கறேன்'' என்பார்.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. நாற்பத்தாறு வயசுக்காரர், மனைவியோடு வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். புதுசாகப் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கி, குன்றத்தூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரே மூச்சில் போயிருக்கிறார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்! ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, மூணு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்துவிட்டு, கிளம்பிவிட்டாராம்.

''வலது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சு டாக்டர். நாலு நாளா சரியாகலை. அப்புறம்...'' மனைவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ''நீர் போனா எரியுது.''

அந்த அம்மா காத்துக்கொண்டே இருந்திருப்பார் போல. ''அந்த வண்டியை வித்துடச் சொல்லுங்க டாக்டர். நீங்க சொன்னாத்தான் இவர் கேப்பாரு.''

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வேப்ப மரத்தடியில் இரண்டு பெரிய வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது!

ஆமாம் வாசகர்களே, ஐம்பத்து நாலாவது வயசில் நானும் ஒன்று வாங்கினேன். சித்த வைத்தியர் என்றால் சைக்கிளில் சூரணப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர் என்று நினைத்திருந்த தெருக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. என் வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் வரை

இந்த ஆசை எனக்கு வந்தது பாளையங்கோட்டையில். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் புல்லட்டில்தான் வருவார். அந்தக் காலத்துப் புல்லட்டுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக்கரை உதைப்பதற்கு முன்னால் அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும், கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடிக்க வேண்டும், பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி அடி வாங்கிக் கணுக்கால் வீங்கி வந்தவர்களுக்குப் பற்றுப் போட்டுத்தான் நான் கட்டுக் கட்டவே பழகினேன் என்றுகூடச் சொல்லலாம்.

புல்லட் என்ற பெயர் 1932-லேயே இங்கிலாந்தில் பிறந்தது. நம் ராணுவம் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955-ல் சென்னை நிறுவனமான மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டு ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, திருவொற்றியூரில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. 1994-ல் அது ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2013-ல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டின் புதுத் தொழிற்சாலை வந்தது. 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. இரண்டும் எங்கள் குன்றத்தூரிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். ஆக, உலகம் பூரா ஏற்றுமதியாகிற பெரிய வண்டிகள் சேக்கிழார் பிறந்த ஊருக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன!

2018-ல் இரட்டை சிலிண்டர் 650 வண்டிகள் வந்தன. அதே எஞ்சினில் நெடுந்தூரப் பயணத்துக்கென்றே வந்த சூப்பர் மீட்டியார்தான் என்னிடம் இருப்பது. 648 சி.சி. எஞ்சின். எடை 241 கிலோ. என் எடை போல மூணு பங்குக்கும் மேலே.

இந்த எடையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். வேகத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நின்றுகொண்டிருக்கும்போது இந்த வண்டி என்ன செய்யும் என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு அது வாங்கிய பத்தாம் நாளே தெரிந்தது. பக்கத்து வீட்டில் கட்டட வேலை, தெருவில் ஆற்று மணல். வீட்டு வாசலில் திருப்பும்போது காலை ஊன்றினேன். செருப்பு மணலில் சறுக்கியது. வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாக, என்னைக் கேட்டுக்கொண்டு சாய்வது போலச் சாய்ந்தது. பிடிக்க முடியவில்லை. சரி, சாய்ந்ததோடு விட்டிருந்தால் சேதம் ஒரு கண்ணாடி மட்டும்தான். எதிர் வீட்டுப் பையன்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் குனிந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தேன். இடுப்பில் 'சுரீர்'!

மூணு வாரம் படுக்கை. முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்கிறவர், தானே பலகையில் மல்லாந்து கிடந்தார். வந்து பார்த்த பேஷண்டுகள் எனக்கே பத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெரிய வண்டி விழுந்தால் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சாவியைத் திருப்புங்கள். வண்டி வலது பக்கமாக விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே இடது பக்கத்து சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கமாகக் கவிழும். முடிந்தால் கியரில் போட்டு வையுங்கள், உருளாது. இப்போது வண்டிக்கு *முதுகைக் காட்டி* நில்லுங்கள். பின்பக்கம் ஸீட்டில் படும்படி முழங்காலை மடக்கி உட்காருங்கள். ஹேண்டில்பாரைத் தரையில் கிடக்கும் பக்கமாகவே முழுசாகத் திருப்பி, அந்தப் பிடியை ஒரு கையால் பிடியுங்கள். இன்னொரு கை பின் ஸீட் கம்பியில். முதுகு நேராக இருக்கட்டும். இப்போது சின்னச் சின்ன அடியாகப் பின்பக்கம் நடக்கிற மாதிரி காலால் உந்துங்கள். தூக்குவது தொடை. இடுப்பு இல்லை. இடுப்பு எலும்பில் நாலாவது, ஐந்தாவது வளையத்துக்கு நடுவில் இருக்கும் ஜவ்வுதான் குனிந்து இழுக்கும்போது முதலில் பிதுங்குகிறது. இதையெல்லாம் மெத்தை போட்ட இடத்தில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு, வாங்குகிற அன்றைக்கே ஒரு தரம் பழகிவிடுங்கள். முடியவில்லையா? இந்த எடை உங்களுக்கு இல்லை. 350 பாருங்கள். அதுவே இருநூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான்.

ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு குதிகாலும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். கால் விரல் மட்டும் எட்டுகிறது என்றால், சமதளத்தில் சமாளிக்கலாம். நம் ஊரில் சமதளம் எங்கே இருக்கிறது?

இன்னொரு விஷயம். நூறு சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிய லைசென்ஸ் நம் நாட்டில் எந்தப் பெரிய வண்டிக்கும் செல்லும். ஐரோப்பாவில் அப்படி இல்லை. முதலில் 125 சி.சி., அப்புறம் 35 கிலோவாட் வரை, அதற்கும் அப்புறம்தான் பெரிய வண்டி என்று படி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் படியை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசியாக எண்பதுகளில் ராஜ்தூத் ஓட்டினேன் என்கிறவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

பதினாலு வேகம்

சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்றால் கிலோமீட்டர் கணக்கு இல்லை. உடம்பு தானாகவே உந்தித் தள்ளுகிற விஷயங்களுக்கு அந்தப் பெயர். அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம்... ஆகப் பதினாலு. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைக் கொண்டுவரும் என்று முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான்.

நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? 'அடுத்த ஊரில் நிறுத்திக்கலாம்' என்கிறார். அடுத்த ஊர் வந்ததும் அதற்கு அடுத்த ஊர். சிறுநீர், தாகம், பசி, தூக்கம் என நாலு வேகத்தை ஒரே நாளில் அடக்குகிறார். வண்டி நன்றாக ஓடுகிறதல்லவா? அதுதான் வினையே. பழைய ஸ்கூட்டர் அரை மணிக்கு ஒரு தரம் ஏதாவது தகராறு பண்ணி நம்மை இறக்கிவிடும். இது நிறுத்தவே சொல்லாது.

என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் நானும் என் மனைவியும் ஏலகிரி போனோம். அந்த மலைப்பாதையிலும் கொண்டை ஊசி வளைவுகள் பதினாலுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் பெயர் வைத்திருப்பார்கள். போகும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் திரும்பும்போது ஆம்பூரில் மத்தியானச் சாப்பாடு. ஆம்பூருக்கு வந்து என்ன சாப்பிட்டிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வயிறு முட்ட. உடனே கிளம்பிவிட்டேன், சாயங்காலம் கிளினிக் திறக்க வேண்டும் என்று.

பள்ளிகொண்டா வருவதற்கு முன்னாலேயே கொட்டாவி வந்தது. ஒன்று. இரண்டு. தலையை உதறிக்கொண்டேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி முகத்தில் காற்றுப் பட வைத்தேன். அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பது, பின்னால் ஒரு லாரியின் ஹாரனும், என் தோளை இறுக்கிப் பிடித்த ஒரு கையும்தான். வண்டி லேனை விட்டு விலகி, ரோட்டோரத்து ஜல்லிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. மூணு வினாடி கண் சொருகினால் 66 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு அந்த 241 கிலோவையும், எங்கள் இரண்டு பேரையும் ஓட்டியது யார்? நான் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். என் மனைவி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, புளியமர நிழலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ''பேஷண்டுக்குச் சொல்றதை நீங்க ஒரு நாளாவது செய்யுங்க'' என்றாள். அங்கேயே துண்டை விரித்து அரை மணி தூங்கினேன். அன்றைக்கு கிளினிக் திறக்கவில்லை.

கொட்டாவி விட்டால் அடுத்த நிழலில் நிறுத்துங்கள். காற்று பட வைப்பது, பாட்டுக் கேட்பது, வெற்றிலை போடுவது எதுவும் தூக்கத்தைத் தீர்க்காது. தூங்கினால்தான் தீரும். இருபது நிமிஷம் போதும். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் வீட்டுக்கு வண்டியில் திரும்புகிற தம்பிகளுக்கும் இதுதான். வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தூங்கி வழிந்துகொண்டு வருவதற்கு, கேன்டீனில் ஒரு மூலையில் கொஞ்சம் படுத்துவிட்டு வரலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கும் வெளியூருக்கு வண்டியைத் தொடாதீர்கள். உடம்பு அசந்து வரும், வெயிலும் ஆகாது. ஜலதோஷ மாத்திரை சிலது தூக்கத்தைக் கொண்டுவரும், போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்

அந்தப் புளியமரத்தடியில் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்றாள். ''காலையிலேர்ந்து குடிக்கவே இல்லையே?'' என்றேன். ''குடிச்சா எங்க போறது?'' என்றாள்.

முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவனுக்கு, கூடவே உட்கார்ந்து வருகிறவள் தாகத்தையும் நீரையும் சேர்த்து அடக்கிக்கொண்டு வருவது தெரியவில்லை!

ஆண்களுக்கு ரோட்டோரம் முழுக்கக் கழிப்பறை. (அதுவும் கூடாதுதான்.) பெண்களுக்கு? அதனால் அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வெயிலில் வண்டியில் போகும்போது வியர்ப்பதே தெரியாது. வியர்வை வந்த சூட்டிலேயே காற்று அதைக் காய வைத்துவிடும். உடம்பில் நீர் குறைந்துகொண்டே போகும். தலைவலி, தசைப்பிடிப்பு, கவனக் குறைவு எல்லாம் அதன் பின்னால் வரும். நீரை அடக்கினால் கிருமி தங்கி நீர்த்தாரையில் எரிச்சல் வரும். பெண்களுக்கு நீர்த்தாரை நீளம் குறைவு என்பதால் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும்.

ஒன்றரை மணிக்கு ஒரு தடவை கட்டாயம் நிறுத்துங்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க், நல்ல ஓட்டல் என்று எங்கே சுத்தமாக இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். மோர், இளநீர், நன்னாரி போட்ட தண்ணீர் எதுவானாலும் ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். நிறுத்தின இடத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்காமல் நூறு அடி நடங்கள். மூலம் இருக்கிறவர்களுக்கு இந்த நூறு அடி ரொம்ப முக்கியம். எங்கே நிறுத்துவது என்பதைப் பின்னால் இருப்பவர் சொல்லட்டும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம்.

ஹெல்மெட்டைப் பற்றிப் புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் வேண்டும், தாடைப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். விபத்து என்றால் மட்டும் ஒரு வார்த்தை. நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சொல்கிறேன், தலையில் அடி, மயக்கம், கை கால் கோணல் என்றால் எண்ணெய், பற்று, கட்டு என்று எங்களிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

சரி, அந்தச் சூப்பர்வைசரின் விரல் என்ன ஆச்சு?

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்து அடிப்பாகத்தில் உடம்பு பாரத்தைப் போட்டு மணிக்கணக்காக ஓட்டினால், அங்கே ஓடுகிற நரம்பு நசுங்கும். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்றால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவில் போவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு இன்னும் சீக்கிரமே இதைச் செய்துவிடும். டேங்கைத் தொடையால் அணைத்துப் பிடித்து உட்கார்ந்தால் கைக்குப் பாரம் வராது. கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால், விரலில் பலம் குறைந்தால், காட்டியே ஆக வேண்டும்.

நாடி பார்த்தேன். அதோடு நிறுத்தவில்லை. விரலில் மரப்பு, நீரில் எரிச்சல், மூணு மாசத்தில் நாலு கிலோ எடை குறைவு (அதைக் கேட்டபோது 'வண்டி ஓட்டறேன் இல்லியா, அதான்' என்றார்). ரத்தமும் நீரும் சோதித்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 212. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு நரம்பு சீக்கிரம் நசுங்கும், நீரில் கிருமியும் சீக்கிரம் தங்கும். கொடைக்கானல் போகாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் அவருக்கே தெரிந்திருக்காது.

சர்க்கரைக்கு டாக்டரிடம் அனுப்பினேன். நீர்த்தொற்றுக்கு அவரே மருந்து கொடுத்தார். நான் உணவு முறை எழுதிக் கொடுத்து, கைக்கு உளுந்துத் தைலம் மெதுவாகத் தடவச் சொன்னேன். ஒரு மாசம் வண்டி கூடாது என்றேன். மாத்திரை போட்ட பிறகு வெறும் வயிற்றோடு எப்போதும் ஓட்டக் கூடாது, சர்க்கரை இறங்கிக் கண் இருட்டும், சட்டைப்பையில் நாலு கல்கண்டு இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இரண்டு பேரும் வந்தார்கள். விரல் முக்கால்வாசி சரியாகிவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது.

''வண்டியை விக்கலாமா டாக்டர்?'' என்று கேட்டேன் அந்த அம்மாவை, அவர் பாஷையிலேயே.

''இருக்கட்டும்'' என்றார். கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். காஞ்சிபுரம் பைபாஸிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எங்கெங்கே சுத்தமான பாத்ரூம் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். என் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.